தழும்புள்ள முகமும் சவரக் கத்தியும்

(தோட்ட வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப் போகும் விஷயத்தைச் சொன்னவுடனே பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். வாசலில் ஒரு பெரியவர், "ஏங்கய்யா, சவரம் பண்ணக்கூட எங்களுக்கு வகுப்பு வேணுமா?" என்று கேட்டே விட்டார். அவர் கேட்டது நியாயம்தான். மீசை முளைத்த நாளிலிருந்து செய்து வருகிற காரியம். அதற்கு என்ன பேச்சு என்று தோன்றும்.

ஆனால் என் தாடையை ஒரு தரம் பாருங்கள். இடது பக்கத்திலிருந்து கழுத்து வரைக்கும் இறங்குகிற இந்தத் தழும்பு எனக்கு ஆறு வயதில் வந்தது. லயத்துக் காம்பராவில் அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை நானே இழுத்துக் கவிழ்த்துக்கொண்டேன். அது ஆறிவிட்டது. அதை மறந்தும் விட்டேன். பிறகு சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின வாரம், அரும்பிய தாடியோடு போகக் கூடாது என்று வீட்டு ஜன்னல் கட்டையில் கிடந்த ரேசரை எடுத்தேன். அது அப்பாவும் சித்தப்பாவும் பாவித்த ரேசர். பிளேட் போட்டு எத்தனை நாளோ தெரியாது. பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி. துணி தோய்க்கிற சோப்பு. தழும்பின் மேல் மூன்று நான்கு தரம் அழுத்தி இழுத்தேன். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு என்பதால் வெட்டுப்பட்டதே தெரியவில்லை. இரத்தம் சட்டையில் சொட்டிய பிறகுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் தாடை வீங்கிச் சீழ் வைத்தது. கணக்குப் பாடத்தன்று காய்ச்சலோடு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பாடம் போனது. அடுத்த வருஷம்தான் எழுதி முடித்தேன். ஒரு பழைய பிளேட்டினால் எனக்கு ஒரு வருஷம் போனது. அதனால்தான் இந்த விஷயம் எனக்குச் சிரிப்பாக இல்லை.

நம்முடைய தோட்டத்தில் தழும்பில்லாத ஆட்கள் குறைவு. கவ்வாத்துக் கத்தி தெறித்த தழும்பு உண்டு. குப்பி விளக்கு கவிழ்ந்த தழும்பு உண்டு. சின்ன வயதில் அம்மை போட்ட குழி உண்டு. வழுக்கி விழுந்து கல்லில் அடிபட்டுத் தையல் போட்டதும் உண்டு. உழைத்த உடம்புக்கு அது சகஜம். அந்தத் தோலில் கத்தி வைக்கும் முறையை மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இன்று பேசுவோம்.

தழும்புத் தோல் எப்படிப்பட்டது?

சாதாரண தோலில் மயிர்க்கால் இருக்கும், எண்ணெய் சுரக்கிற சுரப்பி இருக்கும், வியர்வைச் சுரப்பி இருக்கும். ஆழமான காயமோ தீப்புண்ணோ ஆறி வருகிற தோலில் இவை அநேகமாக இருக்காது. அதனால் அந்த இடம் வறண்டு இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். மேடாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். சமமான இடத்தில் வழுக்கிப் போகிற பிளேட், மேட்டில் சீவிவிடும். பள்ளத்தின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தழும்பின் நடுவில் பெரும்பாலும் முடியே முளைக்காது. முளைக்காத இடத்தில் நாம் ஏன் பிளேட்டைப் போட்டு இழுக்கிறோம்? பழக்கதோஷம்தான். முடி இருப்பது தழும்பைச் சுற்றித்தான். அங்கே மட்டும் கவனமாகச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

காயம் புதிதாக இருக்கும்போது அதன் மேல் சவரம் கூடாது. தையல் வெட்டி, பொருக்கு தானாக உதிர்ந்து, ஈரம் இல்லாமல் முழுதாக மூடிய பிறகுதான் பிளேட் வைக்கலாம். பொருக்கை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, "ஆறிடுச்சு" என்று சொல்லக் கூடாது. மேலே மூடினாலும் உள்ளே தழும்பு முற்றுவதற்கு ஒரு வருஷம், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். சிவந்து, அரித்துக்கொண்டு இருக்கும் வரை அது இளசு என்று அர்த்தம். அதுவரைக்கும் அந்த இடத்து முடியைச் சின்னக் கத்தரிக்கோலால் கத்தரித்து விட்டால் போதும். கல்யாணம், திருவிழா என்று அவசரப்படாதீர்கள். இரண்டு நாள் தாடியோடு மாப்பிள்ளை உட்கார்ந்தால் முகூர்த்தம் தவறிவிடாது.

செய்யும் முறை

முதலில் நேரத்தைச் சொல்கிறேன். பிரட்டுக்குப் போகும் அவசரத்தில், விடியாத இருட்டில், அடுப்புப் புகைக்கு நடுவில் சவரம் செய்வதுதான் நம் பழக்கம். தழும்போ எரிகிற தோலோ உள்ளவர்கள் அதை மாலைக்கு மாற்றுங்கள். வேலை முடிந்து வந்து, சுடுதண்ணீரில் முகம் கழுவிய பிறகு முடி மெதுவாகி இருக்கும். இராத்திரி முழுக்கத் தோல் ஆறிக்கொள்ளும். காலையில் சவரம் செய்த கையோடு மலையேறினால் வியர்வை வழிந்து எரியும். மருந்தடிக்கப் போகிறவர்கள் அன்று காலையில் கட்டாயம் சவரம் செய்யாதீர்கள். கீறல் விழுந்த தோலில் மருந்து பட்டால் எரிச்சல் மட்டுமல்ல, உடம்புக்குள்ளும் அது இலகுவாக இறங்கும்.

இரண்டாவது, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பாகப் போகிற பக்கம்தான் முடியின் போக்கு. கன்னத்தில் கீழ் நோக்கிப் போகும். கழுத்தில் சில பேருக்கு மேல் நோக்கியோ குறுக்காகவோ போகும். தழும்பைச் சுற்றி அது கண்டபடி திரும்பியிருக்கும். அந்தப் போக்கிலேயே சவரம் செய்யுங்கள். எதிர்ப் பக்கம் இழுத்தால் வழவழப்பு வரும் என்பது உண்மைதான். கூடவே எரிச்சலும் கொப்புளமும் வரும்.

மூன்றாவது, வெதுவெதுப்பான தண்ணீர். கைபொறுக்கிற சூட்டில் ஒரு துணியை நனைத்து இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வைத்திருங்கள். தேத்தண்ணீர் வைக்கிற கேத்தலில் மிஞ்சின தண்ணீர் போதும். அதன் பிறகு குளிக்கிற சோப்பையோ, சவர சோப்பையோ, கிரீமையோ நன்றாக நுரைத்துப் பூசி இன்னும் ஒரு நிமிஷம் விடுங்கள். துணி சோப்பு முகத்துக்கு ஆகாது. நுரை காய்ந்தால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தோலில் பிளேட் ஓடவே கூடாது.

நான்காவது, கூரான பிளேட். மழுங்கின பிளேட்தான் ஆளை வெட்டும். இழுக்கிற மாதிரி தோன்றினால் உடனே மாற்றுங்கள். இளகின தோல் உள்ளவர்கள் ஐந்து தடவைக்கு மேல் ஒரே பிளேட்டைப் பாவிக்காமல் இருப்பது நல்லது. இரண்டு, மூன்று பிளேட் அடுக்கின ரேசர் விளம்பரத்தில் நன்றாக இருக்கும். ஆனால் கொப்புளம் வருகிறவர்களுக்கு ஒரு பிளேட் உள்ள சாதா ரேசரே போதும். மிகவும் ஒட்டச் சிரைத்தால் முடி தோலுக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும்.

ஐந்தாவது, கை. ரேசரைப் பேனா பிடிக்கிற மாதிரி இலேசாகப் பிடியுங்கள். அழுத்த வேண்டாம். சின்னச் சின்ன இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேட்டை அலசுங்கள். பள்ளமான தழும்பு என்றால் பக்கத்துத் தோலை ஒரு விரலால் மெதுவாக இழுத்துச் சமமாக்கிக்கொண்டு செய்யுங்கள். மேடான தழும்பு என்றால் அதன் மேல் ஏறாதீர்கள். சுற்றி வந்து விளிம்பில் நிறுத்துங்கள். விளிம்பில் நிற்கிற நாலு முடியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். மச்சம் இருந்தாலும் இதே முறைதான். ஒரு தடவை போனது போதும். "இன்னும் கொஞ்சம்" என்று திரும்பப் போகிற அந்த இரண்டாம் தடவையில்தான் வெட்டு விழுகிறது.

கடைசியாக, பச்சைத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். வறண்ட தழும்பின் மேல் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் இளகும். பருக்கள் வருகிற முகமென்றால் எண்ணெயைத் தழும்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் கலந்த வாசனைத் தண்ணீர் வேண்டாம். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். எரிவது தோல் அழுகிற அழுகை. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். காப்பித்தூள், அடுப்புச் சாம்பல், சிலந்தி வலை இவற்றை வைக்க வேண்டாம்.

ஒரு தம்பியின் கதை

நம் பக்கத்துத் தம்பி ஒருவர் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பெயர் வேண்டாம். தாடையில் கத்தி பட்டுத் தையல் போட்ட தழும்பு அவருக்கு. கடையில் தினமும் வழவழவென்று சிரைத்துக்கொண்டு வரவேண்டும் என்று சட்டம். தங்கியிருந்த அறையில் ஆறு பேர், அவசரம், பச்சைத் தண்ணீர். நாலு மாதத்தில் கழுத்தெல்லாம் கொப்புளம், தழும்பு தடித்துச் சிவந்து போனது. கூட வேலை செய்தவர்கள் "ஏதோ தொற்று வியாதி" என்று தள்ளி உட்கார்ந்தார்கள். பையன் ஒருவரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அவருடைய அம்மா என்னிடம் வந்து, "மகன் கண்ணாடியைத் திருப்பி வச்சிட்டான் ஐயா" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

அவரை நம் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, இது தொற்று வியாதி இல்லை என்று முதலில் சொன்னார். சுருண்ட முடி ஒட்டச் சிரைக்கும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது, அதனால் வருகிற கொப்புளம் என்றார். ஒரு மாதம் பிளேட்டே வைக்காமல் இருக்கச் சொன்னார். அதன் பிறகு ஒட்டச் சிரைக்காமல், முடிவெட்டுகிற மிஷினால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டினால் போதும் என்றார். தடித்த தழும்புக்கு ஊசி போட்டார்கள். முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடை அவரைத் திருப்பி எடுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு கடையில் சேர்ந்தார். சேரும் முன்னமே கடிதத்தைக் காட்டிப் பேசிவிட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோது கண்ணாடி நேராக மாட்டியிருந்தது.

ஒருவர் பிளேட் ஒருவருக்கு மட்டும்

இப்போது சொல்வதை எல்லாரும் கேளுங்கள், தழும்பு இல்லாதவர்களும்தான். லயத்தில் ஒரே காம்பராவில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே ரேசர். இது பாசமில்லை, ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத வெட்டிலிருந்து பிளேட்டில் இரத்தம் படும். ஹெப்படைட்டிஸ் பி என்று ஒரு ஈரல் நோய். செங்கமாரி வந்து, சில பேருக்கு ஈரலையே கெடுத்துவிடும். அந்தக் கிருமி காய்ந்த இரத்தத்தில்கூட குறைந்தது 7 நாட்களாவது உயிரோடு இருக்கும். நம் நாட்டில் இந்த நோய் குறைவுதான். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்து இதற்கும் ஊசி சேர்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எச்.ஐ.வி.யும் இரத்தத்தால் பரவுகிற நோய்தான். அண்ணன் தம்பியாக இருந்தாலும் பிளேட் வேறுதான்.

சலூனுக்குப் போனால், "அண்ணே, புது பிளேட் போடுங்க" என்று கேளுங்கள். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். அது அவரை அவமதிப்பதாகாது. நல்ல தொழிலாளி அதை அவரே செய்வார். சீனாக்காரக் கட்டியை எல்லாருடைய முகத்திலும் தேய்க்கிற வழக்கம் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தழும்பு இருக்கிற இடத்தை அவரிடம் முன்கூட்டியே தொட்டுக் காட்டுங்கள். நுரைக்குள் மறைந்த தழும்பு அவருக்கு எப்படித் தெரியும்?

பழைய பிளேட்டைக் கானிலும் தேயிலைக்குள்ளும் எறியாதீர்கள். கானில் விளையாடுவது நம் பிள்ளைகள். தேயிலைக்குள் கை விடுவது நம் பெண்கள். ஒரு பால்மா டின்னில் துளை போட்டு அதற்குள் சேர்த்து வையுங்கள்.

தாய்மார்களுக்கு

வீட்டில் கை நடுங்குகிற மாமனாருக்கோ, படுத்த படுக்கையான அப்பாவுக்கோ சவரம் செய்து விடுவது பல வீடுகளில் நீங்கள்தான். வயதானவர்களின் தோல் தாள் மாதிரி மெல்லியது. அவரை வெளிச்சம் படுகிற பக்கம் சாய்த்து உட்கார வைத்து, முன்னே சொன்ன முறையிலேயே செய்யுங்கள். இரத்தம் இளக மாத்திரை குடிக்கிறவர் என்றால் பிளேட்டை விட்டு மிஷினால் வெட்டுவது பாதுகாப்பு.

பிள்ளைக்குச் சுட்டுவிட்டால் உடனே ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் பூச வேண்டாம். அதன் பிறகு டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள். என் அம்மாவுக்கு அன்று இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் தழும்பு இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

எப்போது டொக்டரிடம் போக வேண்டும்?

வெட்டைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போங்கள். துருப்பிடித்த பிளேட்டோ மண் பட்ட கத்தியோ வெட்டினால் ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். தழும்பு பழைய காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால், அதை டொக்டர்மார் கெலோயிட் என்பார்கள். அதன் மேல் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டால் இன்னும் வளரும். பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால் அலட்சியம் வேண்டாம். அபூர்வமாக அது புற்றுநோயாகவும் இருக்கும். காயமே படாத இடத்தில் வெளிறிய, உணர்ச்சியில்லாத படை இருந்தால் அது தழும்பு இல்லை. தொழுநோயாக இருக்கலாம். இன்று அதற்கு இலவச மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். மறைத்தால்தான் கை கால் கெடும்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். நம் தோட்டத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பது வழக்கம். முகத்தில் தழும்பு உள்ளவனை அந்தத் தழும்பின் பெயராலேயே கூப்பிடுகிறோம். கூப்பிடுகிறவனுக்கு அது பகடி. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பயந்துதான் அன்று அவ்வளவு அழுத்திச் சிரைத்தேன். தாடி போனால் முகம் நன்றாகத் தெரியும், தழும்பை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம்.

தம்பிமார்களே, அடுத்த ஞாயிறு இதே இடத்தில் கண்ணாடியும் சுடுதண்ணீரும் வைத்திருப்பேன். நான் என் தழும்போடு உங்கள் முன்னால் சவரம் செய்து காட்டுகிறேன். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். வரும்போது அவரவர் பிளேட்டை அவரவர் கொண்டு வாருங்கள்.